பாவமில்லாத வண்டி

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நாம் ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது, முற்றத்து வேப்பமரத்தடியில் புத்தம்புதிய ஸ்கூட்டர் ஒன்று மாலை சூடி நின்றது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பேரப்பிள்ளைகள் புடைசூழ, அதனருகே காத்திருந்தார். "மந்திரித்துத் தாருங்கள், சுவாமி" என்றார். நாமும் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தோம். அவர் வண்டியின் இருக்கையைத் தட்டிக் கொடுத்தவாறே, "பெட்ரோல் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. பாவமில்லாத வண்டி, சுவாமி!" என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம்.

அன்று இரவு அச்சொல் நம்மை விடவில்லை. இத்தனை ஆண்டுக் குருத்துவப் பணியில் பாவமில்லாத மனிதரையே நாம் கண்டதில்லை. பாவமில்லாத வண்டி எங்கிருந்து வந்திருக்கும்? அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனினும் அவ்வேடிக்கைக்குள் இக்காலத்தின் பெரும் நம்பிக்கை ஒன்று ஒளிந்திருந்தது. நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் எரித்து மண்ணையும் விண்ணையும் கெடுத்தோம். இனிச் சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தால் அப்பிழை திருத்தப்படும் என்பதே அந்நம்பிக்கை. அதை நாம் எள்ளி நகையாடவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில், நிலக்கரியும் எண்ணெயும் காலம் தாழ்த்தாது படிப்படியாக நீக்கப்பட வேண்டும் என்றே கேட்டுக்கொண்டார். கடல் சூடேறுவதன் துன்பத்தை முதலில் சுமப்பவர் கட்டுமரக்காரரும் மானாவாரி உழவருமே அன்றோ?

ஆயினும், வாலில் புகை வரவில்லை என்பதாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடுமா? இக்கேள்வியோடு, வண்டியை விற்ற கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். அதன் பேட்டரியில் கோபால்ட் என்னும் உலோகம் உண்டா, உண்டெனில் எந்நாட்டு மண்ணிலிருந்து வந்தது என்று கேட்டோம். "செல் எல்லாம் வெளியிலிருந்து வருகிறது, ஃபாதர். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான் எங்களுக்குத் தெரியும்" என்று பணிவோடு விடை வந்தது. அவர்மீது குற்றமில்லை. அவருக்குச் சொன்னவர் எவருமில்லை. அவருக்கு விற்றவரிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அறியாமையின் நெடுஞ்சங்கிலியைப் பின்பற்றிச் சற்றுத் தொலைவு நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூதத்தின் பெயர் பெற்ற உலோகம்

ஜெர்மனியின் சாக்சனி மலைகளில் முற்காலத்தில் வெள்ளி தேடித் தோண்டியவர்கள், வெள்ளி போலத் தோன்றியும் வெள்ளி தராத ஒரு கல்லைக் கண்டனர். உருக்கினால் நச்சுப்புகை எழுந்தது. சுரங்கத்தில் வாழும் 'கோபோல்ட்' என்னும் குட்டிப் பூதம் வெள்ளியைத் திருடிவிட்டு இதை வைத்துவிட்டது என்று அவர்கள் நம்பினர். 1730-களில் சுவீடன் நாட்டு வேதியியலார் ஜார்ஜ் பிராண்ட் அக்கல்லில் புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தபோது, பூதத்தின் பெயரே அதற்கு நிலைத்தது.

இன்று செல்பேசி முதல் மகிழுந்து வரை இயக்கும் லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பல வகைகளில் கோபால்ட் சேர்க்கப்படுகிறது. மின்கலம் எளிதில் சூடேறிக் கெடாமல், நெடுநாள் உழைக்க அது உதவுகிறது. செல்பேசிக்குச் சில கிராம் போதும். அவ்வகை மின்கலம் கொண்ட மகிழுந்துக்குப் பல கிலோ தேவை.

உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அது நடு ஆப்பிரிக்காவிலுள்ள காங்கோ மக்களாட்சிக் குடியரசு. அந்நாட்டின் தென்பகுதியில், லுவாலாபா மாநிலத்தில், கோல்வேசி என்னும் நகரைச் சுற்றி இத்தொழில் நடைபெறுகிறது. பெரும்பகுதியை மாபெரும் இயந்திரங்கள் தோண்டுகின்றன. எஞ்சியதை மண்வெட்டியும் கடப்பாரையும் சாக்கும் மட்டுமே உடைய ஏழைகள் தோண்டுகின்றனர். காங்கோவின் கோபால்ட்டில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை இவர்கள் கையால் வந்தது எனப் பல்வேறு காலங்களில் மதிப்பிட்டுள்ளனர். விலை ஏறினால் அது கூடும், இறங்கினால் குறையும். 2014-இல் கோல்வேசியின் கசுலோ என்னும் குடியிருப்பில் செறிவான கனிமம் இருப்பது தெரியவந்தபோது, மக்கள் தாம் குடியிருந்த வீட்டுத் தரையையே தோண்டத் தொடங்கினர். பிள்ளைகள் உறங்கிய இடம் பள்ளமாயிற்று.

அன்பர்களே, முட்டுக்கால் கொடுக்காத குழி சரிந்தால் என்னவாகும் என்பதைக் கிணறு வெட்டும் ஊரில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், கோல்வேசி அருகே பெருநிறுவனம் ஒன்றின் சுரங்க வளாகத்தில் அனுமதியின்றி நுழைந்து தோண்டிய ஏழைகள்மீது மண் சரிந்தது. குறைந்தது 43 பேர் மடிந்தனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 2016 ஜனவரியில், அம்னஸ்டி இன்டர்நேஷனலும் ஆப்பிரிக்க அமைப்பான ஆஃப்ரிவாட்சும் வெளியிட்ட அறிக்கை, சிறுவர்கள் ஒரு நாளுக்கு ஒன்று இரண்டு டாலருக்காகக் கல் பொறுக்கியும் கழுவியும் சுமந்தும் பாடுபடுவதை உலகுக்குச் சொல்லியிருந்தது. தென்காங்கோவின் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 சிறுவர் உழைத்தனர் என்பது 2014-இல் யுனிசெஃப் கூறிய மதிப்பீடு.

தோண்டிய கல் சாக்கில் கட்டி ஊரோரத்துக் கொள்முதல் கடைகளுக்குப் போகிறது. அங்கே எடை, தரம், விலை எல்லாம் வாங்குபவரே சொல்வார். யார் கை தோண்டியது என்ற கேள்வி அங்கேயே அழிந்துபோகிறது. பிறகு அது உருக்காலை, லாரி, துறைமுகம், கப்பல் என்று பயணமாகிச் சீனாவின் சுத்திகரிப்பு ஆலைகளை அடைகிறது. அங்கிருந்து மின்கலமாகி, நம் வேப்பமரத்தடியில் மாலை சூடி நிற்கக்கூடும்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகின் மின்கலங்களுக்கு உயிரூட்டும் காங்கோவில், மக்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே மின்சாரம் கிட்டியுள்ளது.

அஞ்சும் நாடுகள்

காங்கோவின் இந்நிலை திடீரென வந்ததன்று. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபின் உலகிற்கு ரப்பர் தேவைப்பட்டது. அப்போது பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாயிருந்த காங்கோவில், குறித்த அளவு ரப்பர் கொணரத் தவறிய ஊர்கள் எரிக்கப்பட்டன. மக்களின் கைகள் வெட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்கு அணுகுண்டு செய்ய யுரேனியம் தேவைப்பட்டது. அதில் பெரும்பகுதி காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போயிற்று. இன்று தூய ஆற்றலுக்குக் கோபால்ட் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் உலகிடம் நியாயமான காரணம் இருந்தது. குழிக்குள் இறங்கிய கை மட்டும் மாறவில்லை.

இன்றைய காரணத்திற்கு அரசுகள் சூட்டியுள்ள பெயர் 'எரிசக்திப் பாதுகாப்பு'. இதனை வெறும் பேராசை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது உலகம் தத்தளித்ததை மூத்தோர் அறிவர். இன்று அத்தகைய பிடி சில கனிமங்கள்மீது விழுந்துள்ளது. கோபால்ட்டைச் சுத்திகரிப்பதிலும், மின்மோட்டார்களின் காந்தங்களுக்கு வேண்டிய அருமண் உலோகங்களைப் பிரித்தெடுப்பதிலும் சீனாவே முதலிடத்தில் உள்ளது. 2025 ஏப்ரலில் அந்நாடு ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும், காந்தம் கிடைக்காமல் இந்திய வாகனத் தொழிற்சாலைகளும் தவித்தன. இந்தியா தனக்கு வேண்டிய லித்தியம், கோபால்ட் ஆகியவற்றுக்கு முற்றிலும் பிற நாடுகளையே நம்பியிருக்கிறது. எனவே நம் அரசு 2023-இல் 30 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் எனப் பட்டியலிட்டு, 2025 ஜனவரியில் அவற்றுக்கெனத் தேசிய இயக்கம் ஒன்றையும் ஏற்படுத்தியது. மருத்துவமனையில் விளக்கு அணையாதிருக்க வேண்டும் என்று ஓர் அரசு கவலைப்படுவது அதன் கடமையே.

காங்கோவும் இவ்விளையாட்டில் வாய்மூடி நிற்கவில்லை. சந்தையில் கோபால்ட் குவிந்து விலை வீழ்ந்தபோது, 2025 பிப்ரவரியில் அதன் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. அக்டோபரில் அத்தடையை நீக்கி, ஆண்டுக்கு இவ்வளவுதான் என அளவு விதித்தது. தன் மண்ணின் பொருளுக்குத் தானே விலை சொல்ல ஓர் ஏழை நாடு முயன்றதை நாம் குறைகூற இயலாது.

ஆனால் இப்பேச்சுகளில் எல்லாம் 'பாதுகாப்பு' என்ற சொல் எவர் தலைமேல் நிற்கிறது என்று பாருங்கள். ஆலைக்குப் பாதுகாப்பு, சந்தைக்குப் பாதுகாப்பு, நாட்டுக்குப் பாதுகாப்பு. குழிக்குள் இருப்பவன் தலைமேல் மண் விழாத பாதுகாப்பு அக்கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. சங்கிலி அறுந்துவிடக் கூடாதே என்று எல்லாரும் அஞ்சுகின்றனர். சங்கிலியின் முதற் கண்ணி ஒரு மனித உயிர் என்பது மறந்துபோகிறது. 2023 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கின்ஷாசா நகரில் நின்று, ஆப்பிரிக்கா சுரண்டுவதற்கான சுரங்கம் அன்று, அதன் கழுத்தை நெரிப்பதை நிறுத்துங்கள் என்ற கருத்தில் உரக்கப் பேசியது இம்மறதியைக் கண்டித்தே ஆகும்.

ஏணியைப் பிடித்தவன்

இனி நம் கேள்விக்கு வருவோம். கோல்வேசியில் ஒருவன் குழிக்குள் மடிந்தால், இங்கே ஸ்கூட்டர் ஓட்டும் ஆசிரியருக்கு அதில் பங்கு உண்டா?

அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஏறக்குறைய இக்கேள்விக்கே விடை கூறியுள்ளது. சுரங்கங்களில் இறந்தும் முடமாகியும் போன சிறுவர்களின் குடும்பங்கள் சார்பாக, ஆப்பிள், கூகுள், டெல், மைக்ரோசாப்ட், டெஸ்லா ஆகிய நிறுவனங்கள்மீது 2019 டிசம்பரில் வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. உலகளாவிய சங்கிலியின் வழியே பொருளை வாங்குவது மட்டும், அங்கு நடக்கும் கட்டாய உழைப்பில் பங்கேற்பதாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் தன் எல்லைக்குள் நின்று பேசியது. அறநெறியின் எல்லையும் அதுவேதானா?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், ஏணி பிடித்த வேலைக்காரனைப் பற்றி நாம் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. தலைவன் தீய நோக்கத்தோடு அயலார் வீட்டுச் சன்னலில் ஏறுகிறான். வேலைக்காரன் ஏணியைப் பிடித்துக் கொடுக்கிறான். அவனுக்குப் பாவம் உண்டா? 1679-இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னொசென்ட் காலத்திலேயே சர்ச்சைக்குள்ளான பழம் உதாரணம் இது. புனித அல்போன்ஸ் லிகோரி போன்றோர் இதிலிருந்து நுட்பமான வேறுபாடுகளைக் கண்டனர். தீமையை மனமொப்பி விரும்பித் துணைபோவது ஒன்று. விரும்பாமல் செயலளவில் துணைநிற்பது வேறொன்று. துணை அண்மையானதா, சேய்மையானதா? அதைச் செய்யத் தகுந்த காரணம் உண்டா? துணை தொலைவாக இருந்து, காரணமும் பெரிதாயின், பொறுப்புக் குறைகிறது.

இவ்வளவுகோலால் அளந்தால் நம் ஆசிரியர் மிகத் தொலைவில் நிற்கிறார். தீமையை அவர் விரும்பவில்லை. நன்மையை நாடியே வாங்கினார். மேலும், மண்ணைத் தோண்டுவது பாவச்செயலும் அன்று. அது உழைப்பு, கண்ணியமான உழைப்பாக இருக்கக்கூடியது. ஆகவே ஒப்புரவு அருட்சாதனத்தில் ஒருவர் வந்து, "மின்வண்டி வாங்கினேன், சுவாமி" என்று சொன்னால், பாவமன்னிப்புக் கேட்க அதில் ஒன்றுமில்லை என்றே அனுப்பிவைப்போம்.

ஆனால் பழைய அளவுகோல் இங்கே ஒன்றைத் தவறவிடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஏணி பிடித்தவனின் செயல் பிறன் செய்யப்போகும் தீமைக்கு முன்னே வருகிறது. நாமோ தீமை நடந்து முடிந்தபின் அதன் கனியை உண்பவர்கள். உண்பவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இக்கனி என்னை எப்படிப்பட்டவனாக ஆக்குகிறது? திருடிய மாங்காய் என்று தெரியாமல் உண்ட சிறுவனிடம் குற்றமில்லை. "எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, தின்" என்று பழக்கப்பட்ட சிறுவன் கெட்டுப்போகிறான். மலிவு, விரைவு, தூய்மை என்ற மூன்று சொற்களைக் கேட்டதும் நான்காவது கேள்வியைக் கேட்காமல் விடும் பழக்கமே நம் உண்மையான ஆபத்து. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987-இல் எழுதிய சமூகச் சுற்றுமடலில் பாவத்தின் கட்டமைப்புகள் என்று குறிப்பிட்டது இத்தகையதையே. தனி மனிதர்களின் சிறு சிறு பாராமுகங்கள் சேர்ந்து ஒரு பெரும் சுவராகின்றன. பிறகு அச்சுவரைக் கட்டியவர் யார் என்று கேட்டால், ஒருவரும் இல்லை.

இதைச் சொல்லும் நம் மேசைமீதும் ஒரு செல்பேசி கிடக்கிறது. ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது. முதல் இரண்டும் கெட்டுப்போனதால் மாற்றியவை அல்ல.

வாங்காமல் விட்டால்?

"அப்படியானால் அந்தக் கோபால்ட்டே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் என்ன?" என்று நம் இளையோர் கேட்கக்கூடும். கேட்க இனிக்கும் விடை அது. ஆனால் காங்கோ அதையும் கண்டிருக்கிறது. அந்நாட்டின் கிழக்கே ஆயுதக் குழுக்கள் கனிம விற்பனையால் கொழுத்ததைத் தடுக்க, 2010-இல் அமெரிக்கா சட்டம் ஒன்று இயற்றிற்று. வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றின் மூலத்தை நிறுவனங்கள் ஆராய்ந்து வெளியிட வேண்டும் என்றது அச்சட்டம். நோக்கம் நல்லது. ஆனால் ஆராயும் தொல்லைக்கு அஞ்சிய பலர் காங்கோவிடம் வாங்குவதையே நிறுத்தினர். அதே ஆண்டு காங்கோ அரசும் கிழக்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலைச் சில மாதங்கள் தடைசெய்தது. விளைவாக எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. கைகழுவியவர்கள் தூயவராயினர், பசித்தவர்கள் பசித்தே கிடந்தனர். கைகழுவுவதால் பொறுப்பு நீங்காது என்பதைப் பிலாத்துவின் கதையிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டும்.

தொழில்நுட்பம் நம்மைக் காப்பாற்றும் என்பாரும் உளர். கோபால்ட் இல்லாத, இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மின்கலங்கள் இப்போது பெருகிவருகின்றன என்பது மெய்யே. ஆனால் அவற்றுக்கும் லித்தியமும் கிராஃபைட்டும் வேண்டும். அவற்றையும் எங்கோ ஒரு மண்ணிலிருந்து, யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். கோபால்ட் நீங்கினாலும் கேள்வி நீங்குவதில்லை. கோல்வேசியின் குழிகளை உலகம் மறந்துவிட்டால், அங்குள்ள தந்தை நாளை எதை விற்று உப்பு வாங்குவான் என்ற புதுக் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

பழைய எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் திரும்புவதும் விடையாகாது. 1975-இல் தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரியிலும் இரத்தம் உண்டு; நாம் அதற்குப் பழகிப்போனோம், அவ்வளவே.

2012-இல் நல்லாயன் சபை அருட்சகோதரிகள் கோல்வேசிக்குச் சென்றனர். கோபால்ட்டை வாங்காதீர்கள் என்று முழங்குவதை அவர்கள் தம் முதல் வேலையாகக் கொள்ளவில்லை. குழிகளை விட்டுப் பிள்ளைகள் வந்து அமரப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தனர். பெண்களுக்கு வேறு தொழிலும், குடும்பங்களுக்கு வேளாண்மையும் கற்றுத்தந்தனர். இறங்காதே என்று சொல்லுமுன் இறங்காமல் வாழ ஒரு வழியைக் காட்டினர். விலகி நிற்பது அறமாகாத இடத்தில் நெருங்கி நிற்பதே அறம் என்பதை அவர்களிடம் நாம் கற்கிறோம்.

நம் கரையிலும்

இது எங்கோ தொலைதூரத்துக் கதை என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே ஒரு ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து கிடைத்த தோரியம் எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குப் பயன்பட்டது. நம் கடற்கரை மணலால் அன்று ஐரோப்பியத் தெருக்கள் ஒளிர்ந்தன. அதே மோனசைட்டில்தான் மின்வண்டிகளின் காந்தத்திற்கு வேண்டிய நியோடிமியமும் உள்ளது.

குமரியின் கிள்ளியூர் வட்டக் கடலோரத்தில் 1,144 ஹெக்டேரில் இம்மணலை எடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, 2024-இல் மீனவ மக்கள் எதிர்த்தெழுந்தனர். அருட்பணியாளர்கள் பலரும் அவர்களோடு நின்றனர். வீடு, கடல், கதிர்வீச்சு, நோய் என்ற அவர்களது அச்சங்கள் அவர்களுடைய வாழ்விலிருந்து எழுந்தவை. 2025 செப்டம்பரில், இத்தகைய கனிமத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. காரணம் நாட்டின் பாதுகாப்பு. அதனைத் திரும்பப் பெறுமாறு தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார். தம் மண் தோண்டப்படுமுன் தம்மைக் கேட்க வேண்டும் என்று அம்மக்கள் கோருவது நீதியே. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் அந்நீதியை முழுவதுமாக ஏற்க நமக்குத் துணிவு உண்டா? நம் கரையில் மணலைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, வேறொரு நாட்டவரின் மலையையோ வயலையோ தோண்டிச் செய்த காந்தம் பூட்டிய வண்டியில் ஊர்வலம் போவோமாயின், நாம் குழியை மூடவில்லை. குரலற்றவர் ஊருக்கு அதனைத் தள்ளிவைத்தோம். குமரி மீனவனைக் கேட்காமல் தோண்டுவது அநீதி என்றால், கோல்வேசிக் குடும்பத்தைக் கேட்காமல் தோண்டுவதும் அதே அநீதி. நமக்கு ஒரு படி, அவர்களுக்கு ஒரு படி என்று அளக்கக் கூடாது.

பெத்லகேம் கிணற்று நீர்

சாமுவேல் இரண்டாம் நூலின் 23-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. தாவீது அதுல்லாம் குகையில் தங்கியிருந்தபோது, தன் ஊராகிய பெத்லகேமின் வாயிலருகே உள்ள கிணற்று நீருக்கு ஏங்கினார். ஊரோ பெலிஸ்தியர் கையில் இருந்தது. வீரர் மூவர் பகைவர் அணியை ஊடுருவிச் சென்று, நீரை மொண்டு கொணர்ந்தனர். தாவீது அதைக் குடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்தவர்களின் இரத்தமாகவே அந்நீர் அவருக்குத் தோன்றிற்று. ஆண்டவருக்கென அதைத் தரையில் ஊற்றிவிட்டார்.

நீர் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. தாகமும் பொய்யன்று. குவளையில் இருந்ததைப் பார்த்தபோது அதைச் சுமந்துவந்த கைகளும் அவர் கண்ணில் பட்டன. அவ்வளவுதான். நாமும் அவரைப் போல ஊற்றிவிட வேண்டுமா? கோல்வேசியின் பசியை அறிந்தபின், ஊற்றிவிடுங்கள் என்று நம்மால் சொல்ல இயலவில்லை. ஆனால் அவர் பார்த்தது போல நாமும் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் பழையபடி வீணாக்க மனம் வராது. பத்து ஆண்டு உழைக்கும் பொருளை மூன்றாண்டில் எறிய மனம் வராது. பேருந்தில் போகக்கூடிய இடத்திற்குத் தனி வண்டி தேடவும் மனம் வராது. விலை சற்றுக் கூடினாலும், தோண்டியவனுக்கு நேர்மையான கூலியும் உறுதியான முட்டுக்காலும் கிடைத்த பொருள் எது என்று கேட்கத் தோன்றும்.

பலர் கேட்டால் பயன் உண்டு. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய மின்கலச் சட்டம், கோபால்ட் முதலியவை எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை ஆராயும் கடமையை நிறுவனங்கள்மீது சுமத்தியது. அக்கடமை நடைமுறைக்கு வரும் நாள் 2027 ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடப்பட்டதும் உண்மை. கேட்பவர் குரல் தளர்ந்தால் நாள்கள் தள்ளிப்போகும். 2031 முதல் புதிய மின்கலங்களின் கோபால்ட்டில் 16 விழுக்காடு பழையவற்றிலிருந்து மீட்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டமே. நம் நாட்டிலும் 2022-இன் விதிகள், பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. பழைய செல்பேசியை அலமாரியில் போட்டுவைப்பதும், மின்கலத்தைக் காயலான் கடைக்குப் போடுவதும், ஒரு முறை உயிரைப் பணயம் வைத்து எடுத்ததை மீண்டும் புதைப்பதற்கு ஒப்பாகும்.

சில வாரங்களுக்குப் பின் அந்த ஆசிரியரைக் கண்டு இவற்றையெல்லாம் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. "அப்படியானால் வண்டியை விற்றுவிடட்டுமா, சுவாமி?" என்றார்.

"வேண்டாம், வாத்தியாரையா. நீங்கள் விற்றால் வேறொருவர் ஓட்டுவார். நீங்களே நெடுநாள் வைத்து ஓட்டுங்கள். பேட்டரி ஓய்ந்தபின் உரிய இடத்தில் சேருங்கள். அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் நான்காவது கேள்வியையும் கேளுங்கள்" என்றோம்.

சற்று யோசித்தவர், "பாவமில்லாத வண்டி என்று சொன்னேனே. கடன்பட்ட வண்டி என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

அதுவே சரியான சொல். கடன்பட்டவன் குற்றவாளி அல்லன். ஆனால் அவன் மறக்கக் கூடாதவன். அன்று முதல் நம் பங்கில் எவர் வண்டி மந்திரிக்கக் கொணர்ந்தாலும், ஓட்டுபவருக்காகச் செபித்தபின், அதன் இரும்பையும் செம்பையும் கோபால்ட்டையும் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த, பெயர் தெரியாத கைகளுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். முற்றத்தில் நிற்பவர்கள் முதலில் வியப்போடு பார்க்கின்றனர். பிறகு, "அவர்கள் யார், சுவாமி?" என்று கேட்கின்றனர். அக்கேள்விக்காகவே அம்மன்றாட்டு.